கரண்ட் இல்லாத தோப்புக்கு எந்த கேமரா?

எங்கள் தென்னந்தோப்பில் ஈ.பி. சர்வீஸ் கிடையாது, கிணற்று மோட்டார் ஓடுவதே சோலாரில்தான். அந்த மோட்டார் கேபிளைச் செம்புக்காக ஒரு ராத்திரி அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கேமரா வைத்தே ஆக வேண்டும் என்று இறங்கியபோது மூன்று வழிகள் தெரிந்தன: சிம் போடும் சோலார் கேமரா, காட்டில் வைக்கிற ட்ரெயில் கேமரா, தனி பேட்டரியும் பெரிய பேனலும் வைத்து நாள் முழுக்க ஓட்டுகிற கேமரா.

கடைகளில் அதிகம் விற்பது முதல் வகை. நாள் முழுக்கப் பதிவு செய்யும் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அது எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். உடல் சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சாரில் ஆள் நடமாட்டம் பட்டால்தான் விழித்து, பத்து இருபது விநாடி பதிவு செய்து, போனுக்குத் தகவல் அனுப்பும். சின்னப் பேனலே போதுமானதாக இருப்பது இதனால்தான். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 20 விநாடிப் பதிவு 5 எம்.பி. ஆகும். ஒரு நாளில் நூறு முறை விழித்தாலும் 500 எம்.பி.தான், சாதாரண ரீசார்ஜே தாங்கும்.

இதைத் தடுமாற வைப்பது நம் ஊர் வெயில். ஆளின் உடல் சூட்டுக்கும் பின்னால் இருக்கிற இடத்தின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த சென்சார் பார்க்கிறது. சித்திரை மதியத்தில் தரையும் சுவரும் உடம்பு அளவுக்குச் சுட்டுவிட்டால் ஆள் நடந்தாலும் தவறவிடும். வெயிலில் காய்ந்த மட்டை ஆடினால் ஆள் என்று விழித்துக்கொள்ளும். ராத்திரியில் இந்தத் தொல்லை குறைவு. எட்டு, பத்து மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். கேமராவை நோக்கி நேராக வருகிறவரை அது தாமதமாகத்தான் உணரும், குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடித்துவிடும். அதனால் வரப்புக்குப் பக்கவாட்டில் வைப்பதே சரி.

பேனல் தனியாக வயரோடு வருகிற மாடலாகப் பாருங்கள். கேமரா நிழலில் இருக்கட்டும், பேனல் மட்டும் வெயிலில், தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில். அப்புறம், ஜியோ சிம் போடுவதானால் 4ஜி பேண்ட் (அலைவரிசை) 3, 5, 40 உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரெயில் கேமரா எளிமையானது. 2018 புலிகள் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் வைத்தது இந்த வகையைத்தான். ஏ.ஏ. பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும். 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளதாக வாங்கினால் இருட்டில் அது எரிவதே தெரியாது. 850 என்றால் மங்கலாகச் சிவப்பு தெரியும். சிம் இல்லாத மாடலில் போனுக்கு எதுவும் வராது, நாமே போய் மெமரி கார்டை எடுத்துப் பார்க்க வேண்டும். டவர் கிடைக்காத தோப்புக்கு இதுதான் சுலபமான வழி.

மூன்றாவதற்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டும். 5 வாட் கேமரா 24 மணி நேரத்துக்கு 120 வாட்-மணி தின்னும். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லையென்றால் 360 வேண்டும். 12.8 வோல்ட், 40 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 512 இருக்கும். அதில் 80 சதவீதம் எடுத்தால் 410, அது போதும். ஈய பேட்டரி என்றால் பாதிதான் எடுக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் சீக்கிரம் வீணாகும். மழைக்கால வெயிலுக்குப் பேனல் 60 வாட்டாவது வேண்டும், நான் 100 வாட் என்பேன். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்திலேயே ஒரு நாள் பதிவு 10.8 ஜி.பி. ஆகும், அதை சிம்மில் அனுப்ப முடியாது, கார்டில்தான் சேமிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, கேபிளையே விடாதவர்கள் அந்தப் பேட்டரியை விட்டுவைப்பார்களா? பூட்டிய அறையும் கம்பமும் இருக்கிற இடத்துக்குத்தான் இது சரிவரும்.

நான் வாங்கியது ஒரு சிம் கேமராவும் ஒரு ட்ரெயில் கேமராவும். சிம் கேமரா மோட்டார் கொட்டகைக்குப் போகிற வரப்பைப் பார்க்கிறது. ட்ரெயில் கேமராவை எதிர்த் தென்னையில் ஆள் உயரத்துக்கு மேலே, அந்த சிம் கேமராவைப் பார்த்தபடி கட்டியிருக்கிறேன். யாராவது அதைக் கழற்ற வந்தால் முகம் இதில் விழும்.