விருதுநகர் காமராஜர் இல்லம்: ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்

மதுரையிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் வழியில் இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. இத்தனை வருஷமாக இந்த வழியாகவே போய் வருகிறோம், ஒருமுறைகூடப் பார்த்ததில்லையே என்று மகளைக் கூட்டிக்கொண்டு விருதுநகரில் இறங்கிவிட்டேன். காமராஜர் பிறந்து வளர்ந்த வீடு சுலோசன நாடார் தெருவில் இருக்கிறது. தெரு குறுகல், காரில் வருகிறவர்கள் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது.

நினைவில்லம் என்றதும் பெரிய மண்டபத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சாதாரணக் குடும்பம் குடியிருந்த சின்ன வீடு. உள்ளே படங்கள், அவர் புழங்கிய சில பொருட்கள். சும்மா சுற்றினால் பத்தே நிமிஷம்தான். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம், ஏனென்றால் மகள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று "இது எப்பப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள்.

1903 ஜூலை 15 அன்று பிறந்தார், ஆறு வயதில் அப்பா போய்விட்டார், ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம். அதாவது, உலையில் போட அரிசி எடுக்கும்போதே வீட்டுப் பெண்கள் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள், வீட்டுக்கு வீடு வந்து அதை வாங்கிப் போய்ப் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். 1956ல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை இதோடு சேர்த்துத்தான் என்னால் யோசிக்க முடிகிறது. பசியும் படிப்பும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பது அவருக்கு இந்தத் தெருவிலேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் சுதந்திரப் போராட்டத்தில் சிறை, மொத்தம் ஒன்பது வருஷத்துக்குக் கிட்ட. 1954 ஏப்ரலில் முதலமைச்சர். கட்சிக்குள் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் வைத்துக்கொண்டார், அதுவும் கல்வி, நிதி இரண்டையும் கொடுத்து. இன்றைக்கு யார் செய்வார்கள்? வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர் அணைகள் எல்லாம் அந்த ஒன்பதரை வருஷத்து வேலை. 1963 அக்டோபர் 2 அன்று, கட்சி வேலைக்காக, தானே பதவியை விட்டு இறங்கினார். 1975ல் அதே அக்டோபர் 2 அன்று சென்னையில் வாடகை வீட்டில் காலமானார்.

அவர் முதலமைச்சராக இருந்த அத்தனை வருஷமும் அம்மா சிவகாமி அம்மாள் இந்த வீட்டில்தான் இருந்தார். முதலமைச்சரின் அம்மா என்று நகராட்சியில் வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம், மகன் அதைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார் என்பது ஊரறிந்த கதை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் அந்த வாசலில் நின்றபோது, குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகும் வயதான ஒரு அம்மாதான் கண்ணில் வந்தார்; மகன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

1967 தேர்தலைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இதே விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். "இந்த ஊர்லயேவா?" என்று மகள் இரண்டு தடவை கேட்டாள். ஆமாம், இந்த ஊரில்தான். கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிய பிறகும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம்.