ஹத்ராவா, பல்மைராவா?

இரண்டும் பழங்காலப் பாலைவன நகரங்கள். இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. 2015-இல் ஐ.எஸ். அமைப்பினர் இரண்டிலும் கைவரிசை காட்டினார்கள். ஒற்றுமை அவ்வளவுதான்.

சிரியாவின் பல்மைரா, வணிகத்தால் செழித்த சோலை நகரம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தூண் வரிசைத் தெரு, கி.பி. 32-இல் பேல் என்ற தெய்வத்துக்கு அர்ப்பணித்த பேல் கோயில், ரோமையே எதிர்த்த அரசி செனோபியா என்று புகழுக்குக் குறைவில்லை. ஆனால் 272-இல் ரோமப் பேரரசர் ஆரேலியனிடம் பணிந்துவிட்டது.

இராக்கின் ஹத்ரா அப்படியல்ல. வட்டமான இரட்டை மதில், 160-க்கும் மேற்பட்ட காவல் கோபுரங்கள். ரோமப் பேரரசர் டிராஜன் முற்றுகையிட்டார், பிறகு இன்னொரு பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் வந்தார். உள்ளே இருந்தவர்கள் எரியும் நாப்தா என்ற கச்சா எண்ணெயைக் கொட்டினார்கள். வெளியே வெயில், ஈ, தண்ணீர்ப் பஞ்சம். ரோமப் படை வெறுங்கையோடு திரும்பியது. கடைசியில் 240-ஐ ஒட்டிப் பாரசீகத்தின் சாசானியரிடம்தான் நகரம் வீழ்ந்தது.

கோயில்களிலும் என் ஓட்டு ஹத்ராவுக்கே. பல்மைராவில் ரோமச் சாயல் தூக்கல். ஹத்ராவில் கிரேக்க-ரோமத் தூண் அலங்காரமும் சாசானியருக்கு முன் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியரின் பிரம்மாண்ட வளைவு மண்டபங்களும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. நடுநாயகமாகச் சூரியக் கடவுள் ஷமாஷ்.

இன்றைய நிலை? பேல் கோயிலின் கருவறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதன் வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. ஹத்ராவில் சிற்பங்களைச் சிதைத்தார்கள், பெரிய மண்டபங்கள் தப்பின.