ஒரே பிரிட்டிஷ் ஆட்சி: கியூபெக் பிரெஞ்சுக்காரர்களும் மொரிஷியஸ் பிரெஞ்சுக்காரர்களும்

பிரிட்டன் பிரான்ஸிடமிருந்து பறித்த இடங்கள் இவை. இன்றைய கனடாவில் உள்ள கியூபெக் 1763 ஒப்பந்தத்தில் கைமாறியது. மொரிஷியஸ் 1810-ல் விழுந்தது. இரண்டிலும் பிரெஞ்சுக்காரர்களின் மதத்தையும் சொத்துரிமையையும் பிரிட்டிஷார் பெரும்பாலும் தொடவில்லை. பணம் போன திசைதான் வேறு. என்னைக் கேட்டால், மொழியைவிட லண்டன் கடனும் கைவசம் இருந்த நிலமும்தான் அதைத் தீர்மானித்தன.

கியூபெக்கில் காசு கொழித்தது மென்மயிர்த்தோல் வியாபாரத்தில். லண்டனில் கடனுக்குச் சரக்கு எடுக்க ஆள் இருந்த ஸ்காட்லாந்து வணிகர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. ஜேம்ஸ் மெக்கில் அப்படிச் சம்பாதித்தவர்தான். மெக்கில் பல்கலைக்கழகம் அவர் உயிலில் எழுதிவைத்த சொத்தில் வந்தது. அந்தத் தோல் வியாபாரத்துக்குப் படகு வலித்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு பேசியவர்கள். நீர்வழி தடைப்படும் இடங்களில் ஆளுக்கு 90 பவுண்டு மூட்டை இரண்டை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பார்கள். ஊரில் விளைநிலமும் போதவில்லை. பின்னாளில் லட்சக்கணக்கானோர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதிப் பஞ்சாலைகளுக்குக் கிளம்பினார்கள்.

மொரிஷியஸில் நேர்மாறு. கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக் குடும்பங்களிடமே இருந்தன. 1825-ல் மேற்கிந்தியத் தீவுகளின் (கரீபியன்) சர்க்கரைக்குச் சமமாக பிரிட்டன் இறக்குமதி வரியைக் குறைத்ததும் சாகுபடி எகிறியது. 1835-ல் அடிமை முறை ஒழிந்தபோது நஷ்டஈடுகூட முதலாளிகளுக்குத்தான், 20 லட்சம் பவுண்டுக்கு மேல்! அப்புறம் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வந்தார்கள்; சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு.