மூன்று வசன ஆட்களுக்கு ஒரு அலமாரி: எங்கள் சபை நூலகத்தின் வேதாகம நாவல்கள்

திருப்பூரில் எங்கள் சபை வளாகத்துக்குள் ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. வேத விளக்கங்கள், மிஷனரி வரலாறுகள் எல்லாம் மற்ற இடங்களிலும் கிடைப்பவைதான். நான் எழுத வந்தது ஜன்னலோர அலமாரியைப் பற்றி. வேதாகமத்தில் ஓரிரு வசனத்தில் வந்துவிட்டுப் போகிற ஆட்களைப் பற்றிய நாவல்களை மட்டும் அதில் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாவீது, மோசே, எஸ்தர் கிடையாது. லீதியாள், ரிஸ்பாள், உல்தாள், ஒநேசிமு, அப்புறம் அக்குளில் பழந்துணியை வைத்துக்கொள்ளச் சொல்லி எரேமியாவைக் குழியிலிருந்து தூக்கிவிட்ட எபெத்மெலேக்கு, இப்படிப்பட்டவர்கள். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்கு நன்றி.

முதலில் எடுத்தது லீதியாள். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் தியத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்கிறவள், பிலிப்பியில் ஆற்றங்கரையில் பவுல் பேசியதைக் கேட்டு வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றவள். அவ்வளவுதான் தெரியும். புருஷன் இருந்தானா, கடல் தாண்டி மக்கெதோனியாவுக்கு எதற்கு வந்தாள், ஒன்றும் சொல்லப்படவில்லை. பவுல் பின்னால் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில்கூட அவள் பெயர் இல்லை. இவ்வளவு காலி இடத்தை நாவலாசிரியர் எதைக் கொண்டு நிரப்புகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அலமாரியில் அவளைப் பற்றி இரண்டு நாவல்கள் உண்டு. ஒன்றில் அழகான துணி, அழகான பெண், ஒரு ரோமப் படைத்தலைவனோடு காதல், அவ்வளவுதான். பாதிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. இன்னொன்று சாயத்தொட்டியில் தொடங்குகிறது. சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது போதாதா! கடல் நத்தையிலிருந்து ஊதா எடுக்கும் இடத்தில் அடிக்கும் நாற்றம், நகக்கண்ணில் ஏறி நாள்கணக்கில் போகாத நிறம், ஒரே தொட்டியில் முக்கியும் இரண்டு நூல் இரண்டு ஷேடு காட்டும்போது வயிற்றைப் பிசையும் பயம், எல்லாம் இருக்கிறது. அந்த ஊதா ஏன் அவ்வளவு விலை என்பதற்கு ஒரு கணக்கு: 1909-ல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் 1.4 கிராம். தியத்தீரா கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர், அங்கே மஞ்சிட்டி வகை வேரிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம்தான் அதிகம் ஓடியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நாவல் இரண்டையும் வைத்துக்கொண்டு, விலை குறைந்த வேர்ச்சாயத்தை நத்தைச் சாயம் என்று சொல்லி விற்க மறுக்கும் ஒரு வியாபாரியாக அவளைக் காட்டுகிறது. தியத்தீராவில் சாயக்காரர்களுக்குச் சங்கம் இருந்ததற்குக் கல்வெட்டுகளே உண்டு. சங்கம் என்றால் விருந்து, விருந்து என்றால் விக்கிரகத்துக்குப் படைத்த சாப்பாடு. சாப்பிடாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும். வெளிப்படுத்தல் 2-ஆம் அதிகாரத்தில் விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றித் தியத்தீரா சபைக்கு எழுதிய கண்டிப்பை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அதற்குப் பின்னால் ஒரு தொழில்காரரின் வயிற்றுப்பாடு இருந்திருக்கும் என்று இந்த நாவலைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சாயத்தண்ணீர் எங்கே போனது? நாவலில் அந்தக் கேள்வியே வரவில்லை. சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றையும் அது போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்கள், 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக்கிடந்த நாட்களைப் பார்த்தவர்கள், ஆற்றங்கரையில் ஜெபித்த ஒரு சாயக்காரியைப் பற்றி இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

ரிஸ்பாள் கதை தாங்க முடியாத கதை. சவுலின் மறுமனையாட்டி. சவுல் மேலிருந்த பழிக்காகத் தாவீது ராஜா ஒப்புக்கொடுக்க, கிபியோனியர் தூக்கிலிட்ட சவுல் வீட்டார் ஏழு பேரில் இரண்டு பேர் அவள் பெற்றவர்கள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை பாறையின் மேல் இரட்டுத் துணியை விரித்து உட்கார்ந்து, பகலில் பறவையும் இரவில் மிருகமும் அண்டவிடாமல் காத்தாள். 2 சாமுவேல் 21-இல் அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாவலில் பக்கம் பக்கமாகப் பேசுகிறாள், தாவீதிடம் வாதாடுகிறாள். எனக்கு இது கோபமாக வந்தது. அவள் பேசாமல் இருந்தே ஒரு ராஜாவை எலும்புகளைப் பொறுக்கி அடக்கம்பண்ண வைத்தாள். அவளுக்கு வசனம் எழுதுவது அவளிடம் இருந்ததைப் பிடுங்குவதுதான்.

செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேரைப் பற்றிய குறுநாவல் பரவாயில்லை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். மோசேயின் முன் நின்று அப்பன் சொத்தில் பங்கு கேட்டு வாங்கியவர்கள். ஆனால் எண்ணாகமம் 27-ஓடு கதையை நிறுத்திவிட்டார்கள். 36-ஆம் அதிகாரத்தில் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வருகிறதே, நிலம் வெளியே போய்விடக்கூடாது என்ற அந்தக் கவலை நம் பக்கத்துத் தோட்டங்களில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அக்கா தங்கச்சிகள் இல்லாத ஊர் இங்கே ஏது? அந்தப் பாதியையும் எழுதியிருந்தால் இது பெரிய புத்தகமாகியிருக்கும்.

நூலகத்துக்கு இரண்டு வார்த்தை. பெரும்பாலானவை ஆங்கிலம். தமிழில் இருப்பவை மொழிபெயர்ப்புகள், சில இடங்களில் இரண்டு தரம் படித்தால்தான் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே புரிகிறது. தமிழில் நேரடியாக எழுதியது ஒன்றும் இந்த அலமாரியில் இல்லை. யோப்பாவில் விதவைகளுக்கு அங்கிகளும் வஸ்திரங்களும் தைத்துக் கொடுத்த தபீத்தாளைப் பற்றி எழுதுவதற்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் எது? பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் அக்காக்கள் எத்தனை பேர்!

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறார், அது பெரிய பலம். “முதல்ல சாயக்காரிய எடுத்துட்டுப் போங்க அம்மிணி, ரிஸ்பாளை மனசு திடமா இருக்கறப்பப் படிச்சுக்கலாம்” என்றார். நானும் அதையேதான் சொல்வேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறப்பார்கள், வார நாளில் புதன் சாயங்காலம் மட்டும். மற்ற சபைக்காரர்களுக்கும் தருகிறார்கள், உறுப்பினர் அறிமுகம் ஒன்று இருந்தால் போதும். லீதியாள் இப்போது என்னிடம் இருக்கிறாள், வரும் ஞாயிறு திருப்பிக் கொடுத்துவிடுவேன்.