கார்க் டிராக்கா, சீல் டிராக்கா? உப்புத் தண்ணீருக்கான ஃபிளை ரீல்

ஃபிளை எனும் பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிப்பதில், ஆற்று டிரௌட் மீனுக்கு எந்த ரீலும் போதும். லைனைச் சுற்றி வைக்க ஓர் இடம், அவ்வளவுதான் அதன் வேலை. ஃபுளோரிடா கீஸிலோ பஹாமாஸிலோ டார்ப்பன், பெர்மிட், போன்ஃபிஷ் என்று கடல் மீன்களுக்கு இறங்கும்போதுதான் ரீலின் டிராக் பற்றி, அதாவது மீன் லைனை இழுத்தோடும்போது லைன் சுற்றிய சக்கரத்தை (ஸ்பூலை) மட்டுப்படுத்தும் பிரேக் பற்றி, கவலைப்பட வேண்டியிருக்கிறது. அங்கே கேள்வி இரண்டு வகைக்குள் வந்து நிற்கும்: திறந்த கார்க் டிராக், மூடி அடைத்த சீல் டிராக். என் தேர்வு கார்க். காரணமும் ஒன்றுதான்: பழுதானால் கரையிலேயே, சொந்தக் கையால் சரிசெய்துவிடலாம்.

பொதுவானவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். இரண்டுமே அலுமினியக் கட்டியைக் கடைந்து, அரிக்காமலிருக்க அனோடைஸ் பூச்சு ஏற்றி வருபவை. மேல்தட்டில் விலை வித்தியாசம் பெரிதில்லை. எடையில் சீல் வகை பெரும்பாலும் இலகு. பிடிக்கும் வலுவில் இரண்டும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. 20 பவுண்டு தாங்கும் டிப்பெட்டுக்கு (லைனின் நுனியில் கட்டும் மெல்லிய இழை) 4 முதல் 5 பவுண்டு டிராக் வைத்தால் போதும். அதற்கு மேல் 25, 30 பவுண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ரீல் வாங்கத் தேவையில்லை.

கார்க் டிராக்கில் ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. டிபோர், ஏபல் சூப்பர், அவற்றுக்கு முந்தைய பில்லி பேட் ரீல்கள் எல்லாம் இந்த வழிதான். பில்லி பேட், டிபோர் இரண்டையும் செய்தவர் டெட் யூராசிக் என்ற ஒரே கடைசல் கலைஞர். ரீலின் வெளிச்சட்டத்துக்கும் ஸ்பூலுக்கும் நடுவே அகலமான கார்க் வட்டு இருக்கும். டிராக்கைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினால் ஸ்பிரிங்குகள் அழுந்தி, உரசும் இரண்டு பரப்புகளையும் நெருக்கும். எண்ணெய் ஊறிய கார்க்கில், நகரத் தொடங்கத் தேவைப்படும் இழுப்புக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கும் இழுப்புக்கும் இடைவெளி மிகக் குறைவு. மீன் திடீரென்று பாயும்போது டிப்பெட் அறுவது அந்த இடைவெளியில்தான். நாட்டிலஸ் நிறுவனம் தன் சீல் அறைக்குள்ளேயே கார்க்கையும் கார்பன் ஃபைபரையும் சேர்த்து வைத்திருப்பதும் கார்க்கின் இந்தக் குணத்துக்காகத்தான்.

இனி பராமரிப்பு. கடலிலிருந்து திரும்பியதும் குழாயை மெல்லத் திறந்து, நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவுங்கள். பிறகு குமிழை முழுக்கத் திருகிக் கழற்றி, ஸ்பூலை எடுங்கள். வாஷர்களும் பேரிங்குகளும் எந்த வரிசையில் வருகின்றனவோ அதை ஒரு படம் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு வாஷர் மாறி உட்கார்ந்தாலும் டிராக் துள்ளித் துள்ளித்தான் பிடிக்கும். நூல் பிரியாத துணியால் கார்க்கையும் அது உரசும் உலோகப் பரப்பையும் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் அது உலோகத்தில் வட்டக் கீறல் போடும், அந்தக் கீறல் பிறகு கார்க்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு கார்க்கில் விட்டு விரலால் பரப்பி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். பழைய ரீல்களுக்குத் தோல் பொருட்களுக்குப் போடும் நீட்ஸ்ஃபுட் ஆயிலையே போட்டு வந்தார்கள். டபிள்யூடி-40 வேண்டாம். அது கார்க்கில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், கார்க்கைப் பிடித்திருக்கும் பசைக்கும் நல்லதல்ல. ஸ்பூலைக் கவ்வும் கொக்கிகளுக்கும் அவற்றின் ஸ்பிரிங்குக்கும் ஒரு பொட்டுக் கிரீஸ், பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவே.

எல்லாவற்றையும் மாட்டியபின் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வைப்பது கார்க் ரீலில் விட்டுவிடவே கூடாத வேலை. இறுக்கியபடி மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் கார்க் அழுந்தி மீளாமல் போகும், அல்லது உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை முதல் இழுப்பில் அது பிய்த்துக்கொண்டு கிளம்பும்போது டிப்பெட் தாங்காது.

கார்க் கெடுகிற விதங்கள் கண்ணுக்குத் தெரியும். அதுவே அதன் பெரிய பலம். நீண்ட ஓட்டங்களின் சூட்டில் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்து இறுகினால் பிடி நழுவும், சில சமயம் கிறீச்சிடும். 400 நம்பர் உப்புத்தாளைச் சமமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, கார்க்கை வட்ட வட்டமாக நான்கைந்து முறை மட்டும் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும். தூளைத் துலக்கிவிட்டு மறுபடி எண்ணெய் போடுங்கள். விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் பசை விட்டுவிட்டது என்று பொருள். அந்த வட்டை மாற்றிவிட வேண்டியதுதான். எண்ணெய் அதிகமானால் குமிழை எவ்வளவு திருகினாலும் பிடிக்காது, துடைத்தெடுத்தால் சரியாகிவிடும்.

கார்க்குக்கு ஒரு குறை உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. ரீல் முழுக்கத் தண்ணீரில் முங்கிவிட்டால் நனைந்த கார்க் சில சுற்றுகளுக்கு வழுக்கும். ஸ்பூலைக் கையால் இழுத்துச் சுழற்றினால் தண்ணீர் விலகிப் பிடி திரும்பும், ஆனால் மீன் கொக்கியில் இருக்கும்போது அதற்கு நேரம் இருக்காது. அலை மோதும் மணற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுபவர், ரீலை அடிக்கடி மணலில் போடுபவர், திருப்புளியைக் கையில் எடுக்கவே விரும்பாதவர் ஆகியோருக்கு சீல் டிராக்தான் ஏற்றது. பனி உறையும் ஆறுகளில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிப்பவர்களும் சீல் வகையையே விரும்புகிறார்கள். அந்தக் குளிரில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அங்கே என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சீல் டிராக்கின் அன்றாட வேலை குறைவு: கழுவு, உலர்த்து. தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் அவ்வப்போது மெல்லிய சிலிகான் கிரீஸ். இதிலும் டிராக்கைத் தளர்த்தி வைப்பதே நல்லது. சிக்கல் வருவது உப்பு உள்ளே போய்விட்ட பிறகு. உப்பைப் பெரும்பாலும் உள்ளே அனுப்புவது கழுவும் முறைதான். வேகமாகப் பீய்ச்சும் குழாய் உப்பை ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே தள்ளும். இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை: டார்ப்பன் ஓடி முடித்ததும் டிராக் அறை சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு ரீலைக் கடலில் முக்கினால் உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கி, வெளித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகே நனைக்க வேண்டும்.

உள்ளே போன உப்பு முதலில் பதம் பார்ப்பது ஒருவழி கிளட்ச் பேரிங்கை, அதாவது லைன் வெளியே ஓடும்போது மட்டும் டிராக்கைப் பிடிக்கவைக்கும் பேரிங்கை. அதன் சிறு உருளைகள் துருப்பிடித்தால் ஸ்பூல் சில சமயம் பிடிக்காமல் சுழலும், அல்லது லைனைச் சுற்றும் திசையிலும் கனக்கும். நடுத்தண்டின் ஓரத்தில் பழுப்பு நிற ஈரம் கசிந்தால் நோய் முற்றிவிட்டது. அறையைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும், திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதே பல ரீல்களின் நிலை. ரீல் தொழிற்சாலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு அது அனுப்பும் செலவு, சுங்கம், ஒரு பருவம் முழுக்கக் காத்திருப்பு. சில தயாரிப்புகளில் டிராக் உருளையை மொத்தமாகக் கழற்றி மாற்றலாம். மாற்று உருளை ஒன்றும் கையில் இருந்தால் என் வாதம் பாதி வலுவிழந்துவிடும்.

எந்த வகையானாலும் பேக்கிங்கை, அதாவது ஃபிளை லைனுக்கு அடியில் சுற்றியிருக்கும் நீளமான நூலை, மறக்காதீர்கள். டேக்ரான் (பாலியெஸ்டர்) நூல் உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே ரீல் பளிச்சென்று இருக்க, ஸ்பூலின் அடியில் அனோடைஸ் உரிந்து வெண்பொடி பூத்திருக்கும். பருவ முடிவில் லைனையும் பேக்கிங்கையும் முழுக்க உருவி, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திச் சுற்றுங்கள். ரீலின் பாதத்தைப் பிடித்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களையும் வருடம் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் தொட்டு மாட்டினால் அலுமினியத்தோடு இறுகிப்போகாமல் இருக்கும்.

பழைய ரீல் வாங்குவதானால் ஒரு கைத்தராசு எடுத்துப் போங்கள். டிராக்கை 4 பவுண்டுக்கு வைத்து லைனை மெல்ல இழுங்கள். நகரும் கணத்தில் தராசு முள் 6-க்குத் தாவி 4-க்கு இறங்கினால் அந்த டிராக் ஒட்டுகிறது. கார்க் ரீலானால் விற்பவர் முன்னாலேயே ஸ்பூலைக் கழற்றிப் பார்த்துவிடலாம். கார்க் வட்டு கிடைக்குமானால் கொஞ்சம் பேரம் பேசி வாங்கலாம். சீல் ரீலில் முள் தாவினால், அதே தயாரிப்பாளர் அந்த மாடலை இன்னும் பழுதுபார்க்கிறாரா என்று கேட்டுப் பதில் வந்த பிறகே பணம் கொடுங்கள்.