நாயின் கண்ணில் பீளை: சலைனா, ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தா?

காலையில் கண்ணோரம் பழுப்பாகக் கொஞ்சம் காய்ந்திருந்தால் கவலை வேண்டாம், துடைத்துவிடலாம். கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும். வீட்டில் கைக்கு எட்டுவது இரண்டு: மருந்துக்கடை சலைன் (சுத்தமான உப்புநீர்), போன தடவை விலங்கு மருத்துவர் கொடுத்து மிச்சமான சொட்டு மருந்து. என் ஓட்டு சலைனுக்கு.

சொட்டு மருந்து விட்டால் சிவப்பு சட்டென்று வெளுக்கும். ஆபத்தே அங்கேதான். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. கருவிழியில் கீறல் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆறாது. கிருமியும் சேர்ந்துவிட்டால் திசு கூழாகிக் கருவிழியில் ஓட்டை விழலாம். அதற்கு ஓரிரு நாளே போதும். சின்னக் கீறல் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளோரசீன் சாயத்தாளை நனைத்துத் தொட்டு, கழுவி, நீல விளக்கில் பார்த்தால்தான் பச்சையாகத் துலங்கும். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீடுகளில் நிறையப் பார்க்கிற ஷிட்சூ, பக் நாய்களுக்குக் கண் துருத்திக்கொண்டிருக்கும். கீறல் விழ புல் நுனியே போதும். சாயச் சோதனை செய்யாமல் ஸ்டீராய்டு விடுவது சூதாட்டம்.

சலைன் 0.9 சதவீதமாக, ஒருமுறைப் பயன்பாட்டுச் சிறு குப்பியாக இருக்கட்டும். குப்பியைக் கையில் பொத்தி வெதுவெதுப்பாக்கி, நாயின் பின்பக்கமிருந்து கொண்டுவந்து ஊற்றுங்கள். முன்னாலிருந்து நீட்டினால் தலையை உதறும். காய்ந்த பீளையைப் பிய்க்கக் கூடாது, கூடவே தோலும் வரும். நனைத்த காஸ் துணியை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் கண்ணில் ஒட்டும். ஒரு கண்ணுக்கு வைத்த துணி மறு கண்ணுக்கு ஆகாது. கான்டாக்ட் லென்ஸ் திரவம், பன்னீர், தேத்தண்ணி எதுவும் வேண்டவே வேண்டாம்.

சலைன் கழுவும், குணப்படுத்தாது. கண் பளபளப்பு மங்கி, பிசின் மாதிரி பீளை வந்தால் கண்ணீர் வற்றும் நோயாக இருக்கலாம். கண்ணீரை அளக்கும் ஷிர்மர் தாளில் நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டருக்குக் கீழே நனைந்தால் சந்தேகம்தான். அதற்கு சைக்ளோஸ்போரின் என்ற மருந்து தேவைப்படும், பெரும்பாலும் ஆயுசுக்கும். ஆகவே சலைனுக்கு 24 மணி நேரம்தான் கெடு, பிறகு மருத்துவரிடம். இது என் கணக்கு, விதி அல்ல. நாய் கண்ணை இடுக்கினாலோ காலால் தேய்த்தாலோ அந்தக் கெடுவும் கிடையாது, உடனே கிளம்புங்கள்.

கண்ணில் ரத்தம் என்றால் சலைன், சொட்டு மருந்து இரண்டும் வேண்டாம். இமையில் கீறலா, கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேங்கியிருந்தால் அடிபட்டிருக்கலாம், எலி மருந்து தின்றிருக்கலாம், வயசான நாய்க்கு ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். நம் ஊர் வெக்கைக்கு ஆண்டு முழுக்க உண்ணி உண்டு. பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ஈறில் சிவப்புப் புள்ளிகளோ மூக்கில் ரத்தமோ இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றி மார்புவார் (ஹார்னஸ்) மாட்டுங்கள், கழுத்தை இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

ஃப்ரிட்ஜிலிருக்கும் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போன தடவை என்ன கொடுத்தார்கள் என்று காட்ட அது உதவும்.