தி ஆபீஸ்: பிரிட்டன் தொடரா, அமெரிக்கத் தொடரா?

இரண்டும் காகிதம் விற்கும் நிறுவனத்தின் அலுவலகத்தை ஆவணப்படம் போலக் காட்டும் நகைச்சுவைத் தொடர்கள். 2001-இல் பிபிசியில் தொடங்கிய பிரிட்டன் தொடர், கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளையும் சேர்த்து 14 பகுதிகளில் முடிந்துவிடுகிறது. ரிக்கி ஜெர்வைஸ் நடிக்கும் மேலாளர் டேவிட் பிரென்ட் வாயைத் திறந்தாலே நமக்குக் கூசுகிறது. கலையாக இதுவே மேல் என்பேன். ஆனால் மறுபடி பார்க்கத் துணிவு வேண்டும்.

அமெரிக்கத் தொடர் என்பிசி தொலைக்காட்சியில் 2005 முதல் 2013 வரை 201 பகுதிகள் ஓடியது. முதல் பகுதி பிரிட்டன் கதையின் நகல்தான். அதை வைத்துத் தீர்ப்பெழுதிவிடாதீர்கள். இரண்டாம் பருவத்திலிருந்து ஸ்டீவ் கேரல் நடிக்கும் மேலாளர் மைக்கேல் ஸ்காட் வெறும் அசடாக இல்லாமல், அன்புக்கு ஏங்கும் மனிதராகிறார். டுவைட், ஸ்டான்லி, கெவின் என்று துணைப் பாத்திரங்களுக்கும் இடம் தாராளம். இணைய ரசிகர் படை திரண்டதும் இதற்குத்தான். கேமராவை நோக்கி விற்பனையாளர் ஜிம் வீசும் ஒரு பார்வை போதும், மீம் தயார்! பார்வையாளர் அளவைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் அமெரிக்கர்கள் இணையவழியில் இதை 5,700 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்த்தார்கள்.

2011-இல் கேரல் விலகிய பிறகு வந்த இரண்டு பருவங்கள் இழுவை. அவர் மீண்டும் தலைகாட்டும் நிறைவுப் பகுதிக்கு நேரே தாவிவிடலாம்.